நாடி பிடிக்கும் கைகளுக்கும் ஓய்வு வேண்டும்

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளையை நம் சமுதாயம் கொண்டாடும் அழகே தனி. தெரு முழுவதும் இனிப்பு வழங்குகிறோம். பள்ளிவாசலில் துஆச் செய்யச் சொல்கிறோம். ஜமாஅத் மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்துகிறோம். அதன்பின் அந்தப் பிள்ளை எங்கே உறங்குகிறது, எப்போது உண்கிறது, யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்? இந்தக் கேள்வியைத்தான் முஸ்லிம் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மண் ஒரு பக்கம். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும் மறுபக்கம். 1995இல் பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2007இல் நிலையான தனி மாவட்டமாயிற்று. பெரிய நோய் என்றால் திருச்சிக்கோ தஞ்சைக்கோ ஓடிய காலம் எங்கள் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கிறது. வழியிலேயே உயிர் பிரிந்தவர்களின் கதை இல்லாத தெருவே இங்கு இல்லை எனலாம்.

அந்த நிலை இன்று மெல்ல மாறி வருகிறது. பெரம்பலூர் அருகே சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி செயல்படுகிறது. தமிழ்நாட்டில் 2022 ஜனவரி 12ஆம் நாள் ஒரே சமயத்தில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு வழங்கிய 3.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டின் பயனாக நம் பிள்ளைகளும் வெள்ளை அங்கி அணிகிறார்கள். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் அத்தா வளைகுடா நாட்டில் வெயிலில் உழைக்க, மகளோ மகனோ மருத்துவம் படிக்கும் குடும்பங்கள் உண்டு. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் எம்.பி.பி.எஸ். பட்டம் பயணத்தின் முடிவன்று. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, அதன்பின் மீண்டும் ஒரு நுழைவுத் தேர்வு, அதில் வென்றால் 3 ஆண்டுப் பட்டமேற்படிப்பு. இந்த 3 ஆண்டுகளில் அவர் மாணவர் மட்டுமல்லர், மருத்துவமனையின் முழுநேர மருத்துவரும் ஆவார். பெரிய மருத்துவமனைகளில் நள்ளிரவு 2 மணிக்கு விபத்தில் அடிபட்டவரைப் பார்ப்பவரும், பிரசவ வலியில் வந்த பெண்ணுக்குக் கை கொடுப்பவரும் பெரும்பாலும் இந்த இளம் மருத்துவர்களே. உறைவிட மருத்துவர் என்று இவர்களைச் சொல்வார்கள். உறைவிடம் என்னவோ மருத்துவமனைதான். உறங்குமிடந்தான் அங்கு இருப்பதில்லை!

என் தங்கையின் மகள் மகப்பேறு மருத்துவத்தில் பட்டமேற்படிப்புக்குச் சேர்ந்தாள். வெளி மாவட்டம் ஒன்றில் பெரிய மருத்துவமனை. அவள் அத்தா சவூதியில் இருக்கிறார். சேர்ந்த சில மாதங்களிலேயே அவள் குரல் மாறிவிட்டது. காலை 8 மணிக்குப் பிரசவ வார்டுக்குள் நுழைந்தால் அன்றிரவு முழுவதும் பணி; மறுநாள் காலை வழக்கமான சுற்று, அதன்பின் புறநோயாளிகள், அதன்பின் எழுத்து வேலை. வெளியே வரும்போது மாலையாகிவிடும். வாரத்தில் இரண்டு முறையாவது இப்படி நேர்ந்தது. ரமலானில் பிரசவ அறையின் மூலையில் ஒரு மிடறு தண்ணீரால் நோன்பு திறந்திருக்கிறாள். இரண்டு பிஸ்கட்டே சஹர் உணவாக அமைந்த நாள்களும் உண்டு. தொழுகை விரிப்பில் ஸஜ்தாவில் இருந்தபடியே கண்ணயர்ந்து விட்டதாக அவள் ஒருமுறை சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையே உறவினர்களின் குறை வேறு. "டாக்டராகி விட்டாள் அல்லவா, போனை எடுப்பதே இல்லை" என்றார்கள் சிலர். போனை எடுத்தாலோ, "உன் மாமிக்கு முழங்கால் வலி, ஒரு மாத்திரை சொல்லம்மா" என்பார்கள். 36 மணி நேரம் விழித்திருந்தவள் ஹாஸ்டலில் தலை சாய்க்கும் நேரம் பார்த்து மணியடிப்பவர்களும் உண்டு. திருமணப் பேச்சு ஒருபுறம். மாப்பிள்ளை வீட்டார், "படிப்பு நடக்கட்டும், நிக்காஹ்வை இந்த வருடமே முடித்துவிடலாம்" என்றார்கள். நாள் குறிக்க எல்லோரும் தயார். அந்த நாளில் அவளுக்கு விடுப்புக் கிடைக்குமா என்று கேட்க ஒருவருமில்லை.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய இரவு அவள் வீட்டுக்கு வந்தாள். காலையில் தொழுகை முடிந்து, குர்பானி கொடுத்து, வீடு நிறைய விருந்தினர்கள் வந்த பின்னும் அவள் எழுந்திருக்கவில்லை. ஏறத்தாழ 16 மணி நேரம் உறங்கினாள். எழுந்ததும் முகம் கழுவிவிட்டுத் தன் தாயிடம் நிதானமாகச் சொன்னாள்: "அம்மா, நான் படிப்பை விட்டு விடுகிறேன்." என் தங்கை பதறிப் போனாள். செலவழித்த பணம், இடையில் விலகினால் கட்ட வேண்டிய அபராதம், ஊரார் பேச்சு, நின்று போகக்கூடிய சம்பந்தம் என எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். மகள் என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, எனக்கு எதுவும் வேண்டாம், தூங்கினால் போதும். சில சமயம் எழுந்திருக்கவே வேண்டாம் போலத் தோன்றுகிறது" என்றாள்.

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டபோது என் உள்ளம் நடுங்கியது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இப்படி ஒரு சொல்லைச் சொன்னால் அதைச் சோர்வில் வந்த பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். ஈமான் குறைந்துவிட்டது என்று கடிந்துகொள்ளவும் வேண்டாம். நெருப்பின் வாசனை வந்தால் எப்படி எழுந்து பார்ப்போமோ அப்படி உடனே எழுந்து பார்க்க வேண்டிய சொல் அது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றித் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் தன் அறிக்கையை அளித்தது. நாடு முழுவதிலும் 5,337 பட்டமேற்படிப்பு மாணவர்கள் அதன் கேள்விகளுக்கு விடையளித்திருந்தனர். அவர்களில் நூற்றுக்கு 45 பேர் வாரத்தில் 60 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் தங்களுக்கு வந்ததாகக் கூறியிருக்கிறார்கள். பிறர் உயிர் காக்கப் படிப்பவர்களில் மூவரில் ஒருவருக்கு ஏறக்குறைய இந்த நிலை!

"நாங்களும் அப்படித்தான் படித்தோம். தூக்கம் பார்த்தால் தொழில் வருமா?" என்று மூத்த மருத்துவர்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்கள் பட்ட பாட்டை நாம் மதிக்கிறோம். ஆனால் உடலின் இயற்கை யாருக்கும் சலுகை தருவதில்லை. 24 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கவனமும் மது அருந்தியவரின் கையும் கவனமும் போலவே தடுமாறுகின்றன என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மதுவை ஹராம் என்று விலக்கி வாழும் நம் பிள்ளையை, போதையில் இருப்பவரின் தடுமாற்றத்தோடு கத்தியைப் பிடிக்க வைப்பது எந்த நியாயம்?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பணி செய்த இளம் மருத்துவர்கள், பணி நேரம் குறைக்கப்பட்டவர்களைக் காட்டிலும் கடுமையான தவறுகளை 36 விழுக்காடு அதிகமாகச் செய்தது தெரிந்தது. நீண்ட பணி முடித்து வண்டியோட்டிச் செல்லும் இளம் மருத்துவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று மறு ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு கூறியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாது ஓடும் அரியலூர்ச் சாலைகளிலும், திருச்சி - சென்னை நெடுஞ்சாலையிலும் இரவுப் பணி முடித்து இருசக்கர வண்டியில் வரும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இளம் மருத்துவருக்கு ஓய்வு கேட்பது அவருக்காக மட்டும் கேட்பதன்று. நாளை அந்தக் கட்டிலில் படுக்கப் போகும் நம் தாய்க்காகவும் மகளுக்காகவும் கேட்பதாகும். 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் இறந்தார். அவரைக் கவனித்த இளம் மருத்துவர்களின் பணிச்சுமையும் மேற்பார்வைக் குறைவும் பெரிய விவாதமாயின. மகளை இழந்த தந்தை விடாது போராடினார். 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003இல் அமெரிக்கா முழுவதும் அந்த வரம்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு 48 மணி நேரமே. நேரத்தைக் குறைத்தால் மட்டும் போதாது என்பதும் உண்மைதான். ஒருவர் பணி முடித்து மற்றவரிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது தெளிவாக எழுதி, நேரில் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அமானிதத்தைக் கைமாற்றும் ஒழுக்கம் அது.

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. 1992 ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட ஆணை, உறைவிட மருத்துவரின் தொடர்ச்சியான பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், சுழற்சி முறையில் வார விடுமுறை உண்டு என்றும் கூறுகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகள், நியாயமான பணி நேரம், நாள்தோறும் நியாயமான ஓய்வு, வாரம் ஒரு விடுமுறை, ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு ஆகியவற்றைச் சொல்கின்றன. 2024இன் பணிக்குழுவோ வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நாளும் 7 முதல் 8 மணி நேர உறக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் "வேலையின் அவசரத்துக்கு உட்பட்டு" என்ற சிறு வாசகம் இந்த விதிகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனையில் அவசரம் இல்லாத நாள் ஏது? அந்த வாசல் வழியாகவே எல்லா விதியும் வெளியேறி விடுகிறது.

ஓய்வு மட்டுமன்று, பாதுகாப்பும் வேண்டும். 2024 ஆகஸ்ட் 9ஆம் நாள் கொல்கத்தா அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில், நீண்ட பணிக்கிடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்த பட்டமேற்படிப்பு மாணவி வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தெழுந்தது, உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து பணிக்குழு அமைத்தது. தாழ்ப்பாள் உள்ள ஓர் ஓய்வறை பெண் மருத்துவருக்கு ஆடம்பரமன்று. நம் மகள் பணிபுரியும் இடத்தில் அது இருக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. அதேபோல், மருத்துவரைத் தாக்குவதைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் உண்டு. துயரத்தில் கை ஓங்குபவர் வேறொரு வீட்டுப் பிள்ளையின் மீதே கை ஓங்குகிறார் என்பதை நாமும் நம் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி, நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்கள் தம் சகோதரத் தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லத்துக்குச் சென்ற நிகழ்ச்சி நம்மில் பலர் அறிந்ததே. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த தோழரைச் சல்மான் (ரலி) அவர்கள் உண்ணச் செய்தார்கள். இரவின் பிற்பகுதி வரை உறங்கச் செய்தார்கள். இறைவனுக்குரிய கடமை இருப்பது போலவே தம் ஆன்மாவுக்கும் குடும்பத்துக்கும் செலுத்த வேண்டிய கடமையும் உண்டு என்று அறிவுறுத்தினார்கள். இச்செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றபோது சல்மான் சொன்னது உண்மையே என்று அவர்கள் ஏற்றார்கள். இறைவணக்கத்துக்கே இந்த அளவு உண்டென்றால், மனிதர் மனிதரிடம் வாங்கும் வேலைக்கு அளவு வேண்டாமா? பணியாளர் மீது அவர் தாங்க முடியாத சுமையை ஏற்றக் கூடாது, ஏற்றினால் நாமும் கை கொடுக்க வேண்டும் என்பதும் அண்ணலாரின் போதனையன்றோ!

மதீனாவின் பள்ளிவாசலில் காயமுற்றோருக்காகக் கூடாரம் அமைத்து மருத்துவம் செய்தவர் ருஃபைதா (ரலி) அம்மையார். சிகிச்சை என்பது பள்ளிவாசலின் நிழலிலேயே வளர்ந்த தொண்டு. அந்தத் தொண்டர்களைக் காப்பதும் பள்ளிவாசலைச் சுற்றி வாழும் நம் கடமையே.

அப்படியானால் குடும்பத்தில் நாம் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, பணி முடித்து வந்த பிள்ளையை உறங்க விடுவோம். விருந்தினர் வந்தால் வரட்டும். இரண்டாவதாக, வீட்டு வைத்தியக் கேள்விகளுக்காக அவரை அழைப்பதைத் தவிர்ப்போம். மூன்றாவதாக, திருமண நாளைக் குறிக்கும் முன் அவருடைய தேர்வு, விடுப்பு, பணிச் சுழற்சி ஆகியவற்றைக் கேட்டறிவோம். அவர் மருமகளாக வரும் வீட்டாரும், இரவுப் பணி முடித்து வருபவரைக் காலைச் சமையலுக்கு எழுப்புவது நற்குணமன்று என்பதை உணர வேண்டும். நான்காவதாக, "எத்தனை நோயாளி பார்த்தாய்?" என்று கேட்பதற்கு முன் "சாப்பிட்டாயா?" என்று கேட்போம். அவர் கையில் ஒரு நோயாளி இறந்திருந்தால், அந்தத் துக்கத்தைச் சொல்லி முடிக்கும் வரை இடைமறிக்காமல் கேட்போம்.

ஜமாஅத்துகளும் செய்யக் கூடியது உண்டு. பட்டமேற்படிப்பின் ஒரு பகுதியாக 3 மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணி செய்ய வேண்டும் என்ற விதியால், வெளியூர் இளம் மருத்துவர்கள் மாவட்டந்தோறும் வருகிறார்கள். ஊர் தெரியாது, உணவகம் மூடிய பின் உணவு கிடையாது. ரமலானில் நாம் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் ஒரு தூக்கும், சஹருக்கு நான்கு பொட்டலமும் மருத்துவமனையின் இரவுப் பணியாளர்களுக்குச் சென்றால் என்ன குறைந்துவிடும்? அவர் எந்த மதத்தவராயினும் பசித்திருக்கும் மனிதர்தாமே. மேடையில் போர்த்தும் சால்வையைவிட அந்தத் தூக்குக் கஞ்சி மேலானது என்பேன்.

மனச்சோர்வு முற்றினால் துஆவோடு மருந்தும் வேண்டும். நோய்க்கு மருத்துவம் செய்யச் சொன்ன மார்க்கம் மனநோயை அதிலிருந்து விலக்கவில்லை. மனநல மருத்துவரிடம் செல்வதால் பிள்ளையின் சம்பந்தம் கெட்டுவிடும் என்ற அச்சமே பல வீடுகளில் வாயை அடைக்கிறது. தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்காக ‘மனம்’ என்ற மனநல நல்லாதரவு மன்றத் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணும் உண்டு. இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தாலும் தவறில்லை.

என் தங்கை மகள் படிப்பை விட்டாளா என்று கேட்பீர்கள். அன்றிரவு அவள் அத்தா சவூதியிலிருந்து பேசினார். 20 ஆண்டுகளாக அந்நிய மண்ணில் உழைத்துச் சேர்த்ததெல்லாம் மகளின் படிப்புக்கே என்று வாழ்ந்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டபின் அவர் சொன்னது இவ்வளவுதான்: "படிப்பு போனால் போகட்டும், பணம் போனால் போகட்டும் அம்மா. நீ இருந்தால் எனக்குப் போதும். திரும்பிப் போவதும் போகாததும் உன் விருப்பம்." என் தங்கையும் அதன்பின் அழுகையை நிறுத்தி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். நிக்காஹ் தள்ளி வைக்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டாரும், மாஷா அல்லாஹ், புரிந்து கொண்டார்கள். அவள் மனநல மருத்துவரைப் பார்த்தாள். சில வாரங்கள் விடுப்பெடுத்தாள். பின்னர் தானாகவே திரும்பிச் சென்றாள். அவளும் உடன் பணியாற்றியோரும் சேர்ந்து கேட்டதில், இரவுப் பணிக்கு மறுநாள் பிற்பகலிலாவது ஓய்வு என்ற ஏற்பாடு அவர்கள் பிரிவில் வந்தது. சுமை முற்றும் குறைந்துவிடவில்லை. இன்றும் சில வாரங்கள் அவள் குரல் தளர்ந்தே ஒலிக்கிறது. ஆனால் அழைத்தால், "களைப்பாக இருக்கிறது பெரியம்மா, நாளை பேசுகிறேன்" என்று தயங்காமல் சொல்கிறாள். அந்தத் தயக்கமின்மையே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

போகலாம் என்று வாசல் திறந்திருந்ததால்தான் அவளால் நிற்க முடிந்தது என்று நான் கருதுகிறேன். இடையில் விலகும் மாணவரிடம் அபராதம் வாங்குவதைக் கைவிடுமாறு தேசிய மருத்துவ ஆணையமும் 2024 ஜனவரியில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. சட்டம் அந்தக் கதவைத் திறக்கும் வரை காத்திராமல், நம் வீட்டுக் கதவை நாம் திறந்து வைப்போம்.

ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பு என்று போற்றும் மார்க்கம் நம்முடையது. அந்தப் பணியில் இரவு பகலாக நிற்கும் நம் பிள்ளைகளின் உயிரும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே. அவர்கள் உடலுக்கு நலத்தையும், கண்களுக்கு உறக்கத்தையும், உள்ளத்துக்கு அமைதியையும் எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்வானாக! அவர்களைத் தாங்கும் கரங்களாக நம் குடும்பங்களையும் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.